சைலண்ட் வேலி: குந்திப்புழாவைப் பார்க்க அம்மாவையும் மகளையும் அழைத்துப் போகலாமா?

வடவள்ளிவாசி:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்த கையோடு குடும்பத்தோடு கேரளத்துச் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவுக்குப் போய்வரலாம் என்று இருக்கிறேன். அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது, மூட்டு வலி உண்டு. மகள் ஐந்தாம் வகுப்பு. பாடப் புத்தகத்தில் மழைக்காடு வந்த நாளிலிருந்து "எப்போது போகிறோம்?" என்று வீட்டில் தினமும் விசாரணை நடக்கிறது.

கோவையிலிருந்து ஆனைகட்டி வழி நல்லதா, பாலக்காடு சுற்றிப் போவது நல்லதா? உள்ளே ஜீப்பில்தான் போக வேண்டும் என்கிறார்கள், அம்மா தாங்குவாரா? அங்கே ஓடும் குந்திப்புழா ஆற்றில் இறங்கிக் குளிக்க முடியுமா? மகளுக்கு அதுதான் முக்கியம்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர், "போகாதே, அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, அரை நாள் ஜீப்பில் குலுங்கியதுதான் மிச்சம்" என்று சத்தியம் செய்கிறார். போய்வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பயணப்பை:

உங்கள் அலுவலக நண்பருக்கு என் வாக்கும் உண்டு.

பூங்காவின் வாசலான முக்காலியில் உங்கள் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து சைரந்திரி வரை 23 கிலோமீட்டர், ஜீப்பில் அல்லது சிற்றுந்தில், வழிகாட்டியோடு. சைரந்திரியில் 30 மீட்டர் உயரத்தில் இரும்புக் கோபுரம் ஒன்று. ஏறினால் சுற்றிலும் காடு, தூரத்தில் கீழே வெள்ளிக் கோடாக ஆறு. இறங்கி, ஒரு சிறிய காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, வந்த வழியே இன்னொரு 23 கிலோமீட்டர் திரும்ப வேண்டும். போக, வர, பார்க்க எல்லாம் சேர்த்து நாலைந்து மணி நேரம். விலங்கு என்று நான் கண்டது மரக்கிளையில் உட்கார்ந்திருந்த ஒரு கருங்குரங்கு. அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது.

தேசியப் பூங்காவின் பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர். நமக்குக் காட்டுவது ஒரு மண் பாதையும் ஒரு கோபுரமும். ஆற்றைத் தொடக்கூட விடாத ஆற்றுப் பயணம் எதற்கு? அந்தக் காசுக்கு ஒகேனக்கல் போனால் பரிசலும் உண்டு, எண்ணெய்க் குளியலும் உண்டு, மீன் வறுவலும் உண்டு. குழந்தையை ஏமாற்றாதீர்கள்.

மண்ணார்க்காட்டு மருமகள்:

பயணப்பை தம்பி, மீன் வறுவலுக்காகக் காட்டுக்குள் போனவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

வடவள்ளிக்காரரே, நான் பிறந்தது பொள்ளாச்சி, வாழ்க்கைப்பட்டது மண்ணார்க்காட்டில். வழியைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஆனைகட்டி வழியே வாருங்கள். பாலக்காடு சுற்றினால் தூரமும் அதிகம், மண்ணார்க்காட்டுக்கும் முக்காலிக்கும் நடுவில் அட்டப்பாடிச் சுரம் என்ற மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற வேண்டும். ஆனைகட்டி, அகளி வழி வந்தால் சுரத்தைத் தொடாமலேயே முக்காலி வந்துவிடும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணி வாக்கில் வந்து சேரலாம். உள்ளே விடுவது காலையில்தான். மத்தியானத்துக்கு மேல் வந்து நின்றால் திருப்பி அனுப்புவார்கள். சனி, ஞாயிறு கூட்டம் இருக்கும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பஸ்ஸில் வருவதானால் கோவையிலிருந்து ஆனைகட்டி வரை ஒன்று, அங்கிருந்து மண்ணார்க்காட்டு பஸ்ஸில் ஏறி முக்காலியில் இறங்க வேண்டும்.

அம்மாவைப் பற்றி: பாதை கரடுமுரடு. மூட்டைவிட இடுப்புக்குத்தான் சோதனை. ஜீப்பின் பின்பக்கம் எதிரெதிராக உட்காரும் பெஞ்சில் அவரை ஏற்றாதீர்கள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். சிற்றுந்து கிடைத்தால் இன்னும் நல்லது. கோபுரத்தில் அவர் ஏற வேண்டாம். படிகள் செங்குத்து, மேலே காற்றில் லேசாக ஆடும். கீழே நின்றாலும் பள்ளத்தாக்கு தெரியும்.

குளியல் கிடையாது. பூங்காவுக்குள் ஆற்றில் இறங்க அனுமதி இல்லை. சைரந்திரியிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் இறங்கினால் ஆற்றின் குறுக்கே தொங்கு பாலம் இருக்கிறது. அதுவரை சில காலம் விடுவார்கள், சில காலம் விடமாட்டார்கள். முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். விட்டாலும் அம்மாவுக்கு வேண்டாம். இறங்குவது சுலபம், ஏறி வருவதுதான் பாடு.

உள்ளே கடை எதுவும் இல்லை. பிளாஸ்டிக் பைகளை நுழைவாயிலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்து வாருங்கள்.

வடவள்ளிவாசி:

மிக்க நன்றி அக்கா. குளியல் இல்லை என்று மகளிடம் சொன்னேன். முகம் தொங்கிவிட்டது. ஆற்றை எங்குமே தொட முடியாதா?

மண்ணார்க்காட்டு மருமகள்:

ஏன் முடியாது? அதே குந்திப்புழாதான் மலையை விட்டு இறங்கி எங்கள் மண்ணார்க்காட்டுக்கு வருகிறது. பிறகு தூதப்புழாவாகி, பாரதப்புழாவோடு கலந்து, பொன்னானியில் கடலைச் சேர்கிறது. மண்ணார்க்காட்டில் கரை வரை போய்க் காலை நனைக்கலாம். ஆனால் அதற்குச் சுரம் இறங்கி வர வேண்டும், உங்களுக்கு அது மறுநாள் வேலை. மழைக்காலத்தில் மட்டும் ஆற்றின் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் முக்காலியில் இறங்கியதும் பார்க்கப் போகும் ஆறு குந்தி இல்லை. அது பவானி.

பயணப்பை:

பவானியா? மேட்டுப்பாளையத்துப் பவானியா?

மண்ணார்க்காட்டு மருமகள்:

அதேதான். நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் வந்து, முக்காலியில் வெடுக்கென்று வடகிழக்கே திரும்பி, அட்டப்பாடி முழுக்க ஓடி, மறுபடி தமிழ்நாட்டுக்குள் போகிறது. வழியில் சிறுவாணி வந்து சேர்கிறது. நீங்கள் ஜீப்பில் ஏறும் இடத்துத் தண்ணீர் பில்லூர் அணைக்கும் பவானிசாகருக்கும் போய்க் காவிரியில் கலந்து வங்கக் கடலுக்குப் போவது. ஜீப் போய் நிற்கும் இடத்துத் தண்ணீர் அரபிக் கடலுக்குப் போவது. நடுவில் ஒரு முகட்டைத் தாண்டுகிறீர்கள், பெயர்ப்பலகை எதுவும் வைத்திருக்க மாட்டார்கள். உங்கள் மகளிடம் இதைச் சொல்லி, எந்த இடத்தில் தாண்டுகிறோம் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 23 கிலோமீட்டர் அவளுக்குப் போதாமல் போகும்.

வெடிப்பலா:

அக்கா சொன்ன முகடு விஷயத்துக்கு ஒரு கும்பிடு. நான் பறவை பார்ப்பவன், வால்பாறைப் பக்கம். பயணப்பைக்குப் பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

நண்பரே, நீங்கள் கண்ட கருங்குரங்கு எது? வால் நீளமாகத் தொங்கியதா, தலை மட்டும் பழுப்பாக இருந்ததா? அப்படியானால் அது கருமந்தி. முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியும், நுனியில் குஞ்சம் வைத்த குட்டை வாலும் இருந்தால்தான் சிங்கவால் குரங்கு. இந்தப் பள்ளத்தாக்கை உலகம் அறியச் செய்தது இரண்டாவது ஆள்தான். 1970களில் அதைப் பற்றி ஆய்வு செய்தவர்கள் இங்கே காடு உடையாமல் இருப்பதைச் சுட்டிக்காட்டிய பிறகே, குந்தியின் குறுக்கே அணை கட்டப் பார்த்து, கடைசியில் கைவிட்ட விவகாரம் கேரள எல்லையைத் தாண்டிப் போனது.

சிங்கவால் குரங்கு மரத்தைவிட்டு எளிதில் கீழே இறங்காது. கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருக்கும் காடு வேண்டும். அகலமாக ஒரு சாலை வெட்டினாலே அதன் உலகம் இரண்டாகிவிடும். அதற்குப் பிடித்த மரம் வெடிப்பலா. எனக்கும் பிடித்ததால்தான் இந்தப் பெயரில் எழுதுகிறேன். பூவைத் தின்னும், பிஞ்சைத் தின்னும், விதையைத் தின்னும். ஜீப் நிற்கும் இடத்தில் கீழே பாருங்கள். முள் முள்ளாக, பந்தளவு காய் உடைந்து கிடந்தால், மேலே யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். காய் கிடைக்காத பருவம் என்றால் விழுந்து கிடக்கும் இலையை எடுத்துத் திருப்புங்கள். மேற்புறம் பளபளக்கும் பச்சை, அடிப்புறம் தேய்த்து வைத்த செம்புக் குடம். காற்றடிக்கும்போது கோபுரத்தின் மேலிருந்து பார்த்தால் காட்டின் கூரை திட்டுத் திட்டாக நிறம் மாறுவது இதனால்தான். இலையைப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள், எடுத்து வரக் கூடாது.

விலங்கைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் வால்பாறை புதுத்தோட்டத்துக்கு வாருங்கள். சிங்கவால் குரங்கு சாலையோரத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஆனால் அதைப் பார்த்து மகிழ முடியாது. சுற்றிலும் தேயிலை, நடுவில் துண்டுக் காடு. போக இடமில்லாமல் வீட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் வந்துவிட்ட குடும்பங்கள் அவை. சைலண்ட் வேலியில் அது கண்ணில் படாமல் இருப்பதுதான் ஆரோக்கியம்.

பயணப்பை:

நல்ல வாதம். ஒன்றும் தெரியாவிட்டால் அதுவே சிறப்பு. இதே சலுகையை எங்கள் ஊர் உணவகத்துக்கும் கொடுங்கள்: இலையில் சோறு இல்லை என்றால் சமையல் பிரமாதம்.

வெடிப்பலா:

சிரித்துவிட்டேன். ஆனால் விடமாட்டேன். நீங்கள் ஆற்றைப் பார்க்கப் போனீர்களா, விலங்குக் காட்சிசாலைக்குப் போனீர்களா என்பதுதான் கேள்வி. அங்கே பார்க்க வேண்டியது அந்தப் பள்ளத்தாக்கின் அமைப்பு. கோபுரத்தின் மேல் நின்று வடக்கே பாருங்கள். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளம், 7 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு மேட்டுநிலம். சுற்றிலும் சுவர் எழுப்பியதுபோல் மலை. வடக்கு விளிம்பில் அங்கிண்டா சிகரம், 2,383 மீட்டர். அந்த உச்சிப் புல்வெளியில் வரையாடு மேய்கிறது. அதற்கு அப்பால் நம் நீலகிரியின் முக்குருத்தி. உயரத்தில் பிறக்கும் குந்தி மளமளவென்று சரிந்து, மேட்டுநிலத்துக்கு வந்ததும் நிதானமாகி, காட்டின் நடுவே தெற்கே நடந்து, சைரந்திரிக்குக் கீழே ஒரு இடுக்கில் நுழைந்து மண்ணார்க்காட்டுச் சமவெளிக்குப் பாய்கிறது. இத்தனை பெரிய கிண்ணத்துக்கு வாசல் அந்த ஒரே இடுக்குதான்.

தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். மழை பிய்த்து எறிந்த பிறகும் நம் ஊர் ஆறுகள்போல் செம்மண் குழம்பாகாது. கரையில் மண் அரிக்க விடாமல் காடு பிடித்து வைத்திருக்கிறது. கோடையிலும் ஓடும். இதை எங்கே போய்ப் பார்ப்பீர்கள்?

குந்தா பொறியாளர்:

இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். "ஒரே இடுக்கு" என்று வெடிப்பலா எழுதியதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. நான் குந்தா மின்திட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

பொறியாளன் கண்ணுக்கு அந்த இடம் எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? சுற்றிலும் மலை. நல்ல மழை. வெளியேற ஒரே இடுக்கு, இரு பக்கமும் உறுதியான பாறை. அதற்குக் கீழே மடமடவென்று பெரும் இறக்கம். சுமார் 130 மீட்டர் உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பினால் போதும், மீதியை மலையே பார்த்துக்கொள்ளும். 1928-லேயே சைரந்திரியை மின் உற்பத்திக்கு ஏற்ற இடமாகக் குறித்துவிட்டார்கள். பிறகு கேரள மின்வாரியம் 120 மெகாவாட்டுக்குத் திட்டம் போட்டது, பின்னால் 240 வரை உயர்த்தலாம் என்பது கணக்கு. 1973-ல் திட்டக் குழு ஒப்புதலும் கிடைத்தது. மலபார் பகுதிக்கு மின்சாரம் போதவில்லை, பாலக்காடு, மலப்புறம் வயல்களுக்குப் பாசனமும் கிடைக்கும் என்றார்கள். அந்த மக்களின் தேவையும் பொய்யில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். இங்கே குந்தியைப் போற்றி எழுதும் கோவைக்காரர்கள் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சிறுவாணி அணை கேரள மண்ணில் இருக்கிறது. பில்லூர் அணை பவானியின் குறுக்கே நிற்கிறது. மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு என்று நீலகிரியின் முதுகில் நாங்கள் வரிசையாக அணை கட்டினோம், கனடா நாட்டு உதவியோடு. அவையும் சோலையும் புல்வெளியும்தான். அங்கெல்லாம் கவிதை எழுத யாரும் வரவில்லை. வீட்டில் மின்விசிறியைச் சுழலவிட்டுக்கொண்டே அணை கூடாது என்று பேசுவது எளிது.

வெடிப்பலா:

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் கவிதையால் மட்டும் அணை நின்றது என்ற கதையை நீங்களும் நம்புகிறீர்களா?

மலையாளக் கவிஞர் சுகதகுமாரி எழுதினார், உண்மை. கேரளத்துக் கவிஞர்கள் ஊர் ஊராகப் போனார்கள், உண்மை. ஆனால் மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1979-ல் வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் தாவரவியலாளர் இருந்தார், மின்பொறியியலாளர் இருந்தார், பொருளியலாளரும் இருந்தார். இத்தனை மெகாவாட்டுக்கு இத்தனை காடு, அதே மின்சாரத்துக்கு வேறு வழிகள் இவை என்று கணக்குப் போட்டுத்தான் பேசினார்கள். இடுக்கி மின்திட்டத்தின் முதல் கட்டம் 390 மெகாவாட் திறனோடு அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது.

மூழ்கப் போவது சுமார் 830 ஹெக்டேர், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதானே என்று வாரியம் சொன்னது. அந்தப் பத்தில் ஒரு பங்கு எது? ஆற்றோரம். கிண்ணத்தின் அடிப்பகுதி. வேலை தொடங்கினால் சாலை, ஆயிரக்கணக்கில் தொழிலாளர், விறகு, வேட்டை எல்லாம் கூடவே வரும்.

1976-ல் இயற்கை ஆர்வலர் ஜாபர் ஃபதேஹல்லி தலைமையிலான பணிக்குழு, திட்டத்தைக் கைவிடுங்கள் என்றது. முடியாவிட்டால் இந்த 17 பாதுகாப்பு நிபந்தனைகளோடு செய்யுங்கள் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தது. எல்லோரும் அந்தக் கதவு வழியேதான் உள்ளே போகப் பார்த்தார்கள். மொரார்ஜி தேசாய் காலத்தில் மத்திய அரசும் சம்மதித்தது.

குந்தா பொறியாளர்:

அந்த 17 நிபந்தனைகளைக் காகிதத்தில் எழுதலாம், மலையில் நிறைவேற்ற முடியாது. அணைப்பணி நடக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மாற்று மின்சாரம் என்று நிலக்கரியைச் சொன்னார்களே, அதன் சாம்பல் எங்கே கொட்டியது என்று யாரும் காட்டுக்குள் போய்க் கோபுரத்தில் ஏறிப் பார்ப்பதில்லை.

ஒரு தகவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1979-ல் எம்.எஸ். சுவாமிநாதன் வேளாண்துறைச் செயலாளராக வந்து பார்த்துவிட்டு, சைலண்ட் வேலியை மட்டும் தனியாகக் காப்பது போதாது என்று எழுதினார். புதிய அமரம்பலம், அட்டப்பாடி, எங்கள் குந்தா காடுகளில் 100 சதுர கிலோமீட்டர், எல்லாம் சேர்த்து 389.52 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டுக் காப்பகம் ஆக்கலாம் என்றார். எங்களிடம் அப்போது இதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

அகளிப் பையன்:

ஐயா, அண்ணா, இருவருக்கும் வணக்கம். நான் அட்டப்பாடி. எங்கள் மாமா முக்காலியில் ஜீப் ஓட்டுகிறார்.

காட்டைக் காப்பாற்றிய கதையில் டில்லி, திருவனந்தபுரம், பம்பாய் எல்லாம் வருகிறது, அட்டப்பாடி மட்டும் வருவதே இல்லை. இருளர், முதுகர், குறும்பர் என்று இங்கே இருப்பவர்கள் எல்லோரும் அந்தக் காட்டின் விளிம்பில் இருப்பவர்கள். இன்று வழிகாட்டியாக ஜீப்பில் உங்களோடு ஏறுபவர்களும் அவர்கள்தான். சுற்றுச்சூழல் மேம்பாட்டுக் குழு மூலம் அந்த வேலை கிடைக்கிறது. பயணப்பை அண்ணன் குறைப்படுகிறாரே என்று சொந்தக் காரிலேயே போகலாம் என்று திறந்துவிட்டால் முதலில் போவது அந்தக் கூலி.

வழிகாட்டியிடம் பேசுங்கள். பலர் ஏறி உட்கார்ந்ததும் போனைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள், அவரும் பேசாமல் இருந்துவிடுகிறார். மலை அணில் கூடு எங்கே, யானை எந்த வளைவில் தண்ணீருக்கு இறங்கும் என்று எல்லாம் தெரிந்தவர்கள். அட்டப்பாடியில் பலருக்குத் தமிழ் நன்றாக வரும்.

கதை ஒன்றும் கேளுங்கள். பாண்டவர்கள் வனவாசத்தில் இங்கே தங்கினார்கள், திரௌபதியின் பெயர்தான் சைரந்திரி, பாண்டவர்களின் அம்மா குந்தியின் பெயர்தான் ஆற்றுக்கு என்று சொல்வார்கள். உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும்.

பயணப்பை:

தம்பி, கூலி போகட்டும் என்று நான் சொல்லவில்லை. ஜீப்பிலேயே போகட்டும், வழிகாட்டியோடே போகட்டும், ஆனால் ஆற்றங்கரைக்கு ஒரு நல்ல நடைபாதை போட்டு, நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து விடலாமே? மக்கள் காசில் காக்கும் காட்டை மக்களுக்கு வாசலிலேயே வைத்துக் காட்டுவது என்ன முறை? பார்க்காதவன் எப்படிப் பிரியம் வைப்பான்?

இன்னொன்று, "மனிதக் கை படாத காடு" என்ற விளம்பரத்தையும் கொஞ்சம் குறையுங்கள். நானும் வாசித்துப் பார்த்தேன். 1927 முதல் 1976 வரை வனத்துறையே உள்ளே மரம் வெட்டியிருக்கிறது.

வெடிப்பலா:

மரம் வெட்டியது உண்மைதான். தேர்ந்தெடுத்து வெட்டினார்கள், அணைக்கென்று குறித்த இடத்தின் பக்கம் அடியோடும் வெட்டினார்கள். அதற்கும் முன்னால் ஆங்கிலேயர் காப்பி போட்டுப் பார்த்தார்கள். நீலகிரியிலிருந்து மலபாருக்குச் சிஸ்பாரா கணவாய் வழியாகப் பாதை இறங்கியது. "கை படாத" என்பது சுற்றுலாப் பிரசுரம் எழுதுபவர்களின் சொல். குடியிருப்பு இல்லாத காடு என்று சொன்னால் சரியாக இருக்கும். விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வெட்டுப்பட்ட இடங்களே சாட்சி. ஜீப்பில் போகும்போது முதல் பாதியில் வெளிச்சம் நிறைய இருக்கும், மரங்கள் மெலிந்து இருக்கும். போகப்போக இருட்டும். அந்த மாற்றத்தைக் கவனியுங்கள்.

நடைபாதை விஷயத்தில் நான் உங்கள் எதிர்க்கட்சிதான். ஒகேனக்கல்லில் பாறை இடுக்குகளில் ஷாம்பு உறைகளைப் பார்த்திருப்பீர்கள்.

குந்தா பொறியாளர்:

இதில் நான் பயணப்பையின் பக்கம். கரைக்கு நாற்பது பேரை நடத்திப் போனால் ஆறு செத்துவிடாது. வனத்துறைக்காரர்களுக்கு மேய்ப்பது தொல்லை, அவ்வளவுதான். அணை கட்டுகிறவனுக்கும் அணை வேண்டாம் என்கிறவனுக்கும் காட்டைத் தெரிந்தவர்கள் என்ற பெருமை கிடைக்கிறது. டிக்கெட் வாங்கி வருகிறவனைத்தான் எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள்.

மண்ணார்க்காட்டு மருமகள்:

சந்தேகப்படக் காரணம் இருக்கிறது ஐயா. 1984 நவம்பர் 15 அன்று தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். இந்திரா காந்தி இறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. திட்டத்தை ஆராய்ந்த அறிவியலாளர் எம்.ஜி.கே. மேனன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு திட்டத்தைக் கைவிட முடிவு செய்தது அவர் ஆட்சியில்தான். 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தார், சைரந்திரியில் கல்வெட்டு இருக்கிறது. அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். 2000களில் பாத்ரக்கடவு என்று அதே ஆற்றில், பூங்கா எல்லைக்குக் கொஞ்சம் கீழே, 70 மெகாவாட் என்று மறுபடி கிளம்பினார்கள். 2007-ல் 148 சதுர கிலோமீட்டரைப் பூங்காவைச் சுற்றிய காப்பு வளையமாக அறிவித்த பிறகுதான் அது அடங்கியது. 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மேற்குத் தொடர்ச்சி மலையோடு சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் "கொஞ்சம்தானே, ஓரமாகத்தானே" என்றுதான் ஆரம்பித்தது. பாதை போடலாம் என்று நீங்கள் சொன்னதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு முதுகு நிமிர்வதற்கு இதுதான் காரணம்.

என் மாமனார் அந்தக் காலத்தில் அணை வேண்டும் என்ற கட்சி. வயலுக்குத் தண்ணீர் வரும் என்று நம்பினார். இன்று வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் வெளியூர் விருந்தாளி வந்தால் அவரே ஜீப்புக்கு முன்பதிவு செய்து அனுப்பி வைப்பார்.

வடவள்ளிவாசி:

அம்மாவின் இடுப்பில் ஆரம்பித்து யுனெஸ்கோ வரை போய்விட்டீர்கள். எல்லாவற்றையும் வாசித்தேன், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பொறியாளர் ஐயா கேட்ட சிறுவாணிக் கேள்விக்கு, "அந்தத் தண்ணீரைக் குடித்துத்தானே உன்னை வளர்த்தேன், நான் என்ன பதில் சொல்வது?" என்கிறார்.

முடிவு இதுதான்: போகிறோம். ஆனைகட்டி வழி, வார நாள், சிற்றுந்து கேட்டிருக்கிறேன். குளியல் இல்லை என்பதற்கு ஈடாக முகடு கண்டுபிடிக்கும் பந்தயம் மகளுக்குச் சம்மதம். வழிகாட்டியைத்தான் நடுவராக வைக்கப் போகிறாளாம்.

மிச்சம் இருப்பது ஒரு கேள்வி: ஜனவரியில் அட்டை இருக்குமா? என் மனைவி அதைக் கேட்டுத்தான் இன்னும் முடிவு சொல்லாமல் இருக்கிறாள்.

அகளிப் பையன்:

ஜனவரியில் குறைவு அண்ணா. மழை விட்டு வெயில் அடித்திருந்தால் பாதையில் அநேகமாக இருக்காது, ஈரமான புதரோரத்தில் நின்றால்தான் ஏறும். காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள், மேலே கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவுங்கள். உப்பைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டால் ஏறியதை விழவைக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வந்தால் அண்ணி என்னைத் திட்டுவார்.

பயணப்பை:

உப்பை மறக்காதீர்கள். போய்வந்து எழுதுங்கள், குழந்தை என்ன சொன்னாள் என்று மட்டும் எழுதினால் போதும். பெரியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கட்சி சேர்ந்துவிட்டோம்.

வெடிப்பலா:

கோபுரத்துக்குப் போகும் நேரத்தில் தலைக்கு மேலே புகைவண்டி போவதுபோல் இறக்கைச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பாருங்கள், இருவாச்சி. மகளுக்குத் தொலைநோக்கி இருக்கிறதா? இல்லாவிட்டால் சொல்லுங்கள், என்னிடம் பழையது ஒன்று சும்மா கிடக்கிறது. அடுத்த வாரம் கோவை வருகிறேன், கொடுத்துவிட்டுப் போகிறேன்.